லைட்னிங் பிக்கப்பின் பின் ஆக்சில்: 4.10 போட்டேன், 3.73-க்கே திரும்பினேன்

லைட்னிங் என்றால் இப்போது எல்லோருக்கும் மின்சார வண்டிதான் ஞாபகம் வரும். நான் சொல்வது 1999 முதல் 2004 வரை வந்த பழைய ஃபோர்டு எஃப்-150 லைட்னிங். 5.4 லிட்டர் வி8, அதன் மேல் ஈட்டன் எம்112 சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி), 2001-இலிருந்து 380 குதிரைத்திறன், 450 பவுண்டு-அடி டார்க். என்னிடம் இருப்பது 2003 மாடல், ஆறு வருடமாக ஓட்டுகிறேன். எஞ்சினைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அவ்வளவு டார்க்கையும் தரைக்குக் கொண்டுபோகிற பின் ஆக்சிலைப் பற்றித்தான் யாரும் சரியாகச் சொல்வதில்லை.

வலிமைக்கு முழு மதிப்பெண். இதில் இருப்பது 9.75 அங்குல ஆக்சில், அதாவது ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் விட்டம் அவ்வளவு (அதைச் சுற்றவைக்கும் சின்னப் பல்சக்கரம்தான் பினியன்). அதே காலத்து எஃப்-150-இல் சின்ன எஞ்சின் வண்டிகளுக்கு 8.8 அங்குலம் வரும். ஒரு அங்குலம்கூட வித்தியாசம் இல்லையே என்று நினைக்க வேண்டாம், பல்லும் பெரிது, ஆக்சில் ஷாஃப்டும் தடிமன், ஷாஃப்ட் முனையில் வெட்டியிருக்கும் வரிப்பல் (ஸ்ப்ளைன்) 31-க்குப் பதில் 34. சூப்பர்சார்ஜருக்குச் சின்ன புல்லி மாட்டி பூஸ்ட்டை (அது தள்ளும் காற்றின் அழுத்தத்தை) கூட்டிய பிறகும் என் வண்டியில் ஒரு பல்கூட உடைந்ததில்லை.

பொதுவாக ஆக்சிலை உடைப்பது குதிரைத்திறன் இல்லை, துள்ளல். நின்ற இடத்திலிருந்து முழுசாக மிதித்தால் லீஃப் ஸ்பிரிங் எஸ் மாதிரி வளைந்து பினியன் மூக்கு மேலே எழும்பும், டயர் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். ஒவ்வொரு தடவை பிடிக்கும்போதும் கிரவுன் பினியனில் சம்மட்டியால் அடித்த மாதிரிதான். அதனால் பூஸ்ட்டைக் கூட்டுவதற்கு முன்னாலேயே டிராக்‌ஷன் பார் (ஆக்சில் இப்படி முறுக்காமல் பிடித்துக்கொள்ளும் கம்பி) போட்டுவிடுங்கள், நான் அப்படித்தான் செய்தேன்.

அப்புறம் கியர் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்றப் பினியன் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற எண். கம்பெனியிலிருந்து வந்தது 3.73 (1999, 2000 வண்டிகளுக்கு 3.55). 4.10 போட்டால் வண்டி பறக்கும் என்று நாலு பேர் சொன்னதைக் கேட்டு மாற்றினேன். கணக்குப்படி சக்கரத்துக்குப் போகும் டார்க் பத்து சதவீதம் கூடும், அது உண்மை. ஆனால் இந்த எஞ்சினுக்கு டார்க் குறைச்சலே இல்லை, சூப்பர்சார்ஜர் கீழ் ஆர்பிஎம்மிலேயே அள்ளிக் கொடுக்கிறது. கூடுதலாக வந்த பத்து சதவீதமும் முதல் கியரில் டயர் புகையாகத்தான் போயிற்று. நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் சுமார் 2,200-இல் சுற்றிய எஞ்சின் 2,400-க்கு ஏறியது, பெட்ரோல் செலவும் கூடவே ஏறியது. இன்னொன்று, 3.73-க்கும் 4.10-க்கும் கிரவுனில் 41 பல்தான், பினியனில் மட்டும் 11-க்குப் பதில் 10, அதனால் பினியன் சின்னதாகிறது. பலமான ஆக்சிலை வைத்துக்கொண்டு நாமே ஏன் அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும்?

பிறகு வந்த வண்டிகளையும் பாருங்கள். 2021 முதல் 2024 வரை வந்த 702 குதிரைத்திறன் ராம் டிஆர்எக்ஸ் பிக்கப், 35 அங்குல டயர், டானா 60 ஆக்சில், விகிதம் 3.55 மட்டுமே. எட்டு கியர் பெட்டியின் முதல் கியர் 4.71 என்பதால் இரண்டையும் பெருக்கினால் மொத்தம் பதினாறுக்கு மேல் வந்துவிடுகிறது. லைட்னிங்கின் நாலு கியர் பெட்டியில் முதல் கியர் 2.71, மொத்தம் பத்துதான். அதனால் ஆக்சில் எண்ணை மட்டும் தனியாக வைத்து இரண்டு வண்டிகளை ஒப்பிடாதீர்கள்.

4.10 மாற்றிய ஒர்க்‌ஷாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், பெயர் வேண்டாம். வண்டியை எடுத்து வந்த அன்றே 50 மைல் வேகத்தில் ஊளை மாதிரி ஒரு சத்தம், ஆக்சிலரேட்டரை விட்டால் இன்னும் அதிகம். பார்க்கிங்கில் திருப்பினால் பின்னால் டக் டக் என்று நடுக்கம். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்கு (ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றாமல் கிளட்ச் பிளேட்டால் தடுக்கும் அமைப்பு) ஆயிலோடு ஊற்ற வேண்டிய ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையரையே (உராய்வைச் சீராக்கும் திரவம்) ஊற்றவில்லை, கிளட்ச் பிளேட் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தது. கேட்டதற்கு “ஓட ஓடச் சரியாகிவிடும்” என்றார்கள். சரியாகாது. கிரவுன் பினியன் பொருத்தம் தப்பானால் ஓட ஓடத் தேயத்தான் செய்யும்.

இரண்டாவதாகப் போன இடத்தில் ஒரு வயதானவர், தனி ஆளாகவே வேலை செய்கிறவர். கவரைத் திறந்ததும், பல் எங்கே உரசுகிறது என்று பார்க்கப் பல்லில் மஞ்சள் பசை தடவி, கையால் சுற்றி, எனக்குக் காட்டினார். பசை பல்லின் நடுவில் அழியாமல் ஓரத்தில் மட்டும் அழிந்திருந்தது, பினியன் ஷிம் (பினியன் நிற்கும் இடத்தைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்) தப்பு. அங்கேயே 3.73 செட்டைத் திரும்பப் போடச் சொல்லிவிட்டேன். ஒன்றரை நாள் எடுத்தார், ஷிம்மை மூன்று தடவை மாற்றிப் பார்த்தார், கடைசியில் பசை தடம் நட்ட நடுவில் விழுந்த பிறகுதான் கவரை மூடினார். கூலி முதல் கடையைவிட அதிகம், ஒரு டாலர்கூட எனக்கு உறுத்தவில்லை.

500 மைலில் ஆயிலை மாற்றச் சொன்னார், மாற்றினேன். கவரில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை மட்டும்தான் இருந்தது, விரலில் தேய்த்தால் ஒரு துணுக்குகூட உறுத்தவில்லை.