கிருமியற்ற சுண்டெலியா, மருந்து கொடுத்த சுண்டெலியா?

குடல் பக்டீரியாவுக்கும் அழற்சிக்கும் உள்ள தொடர்பை ஆராய, கொழும்பில் முதுமாணிக்குப் பதிந்த தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: உடலில் எந்த நுண்ணுயிரும் இல்லாமல் பிறந்து வளர்ந்த கிருமியற்ற சுண்டெலியை எடுப்பதா, சாதாரண சுண்டெலிக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்துக் குடல் பக்டீரியாவைக் குறைப்பதா?

செலவு
கிருமியற்றது: மூடிய கூடாரம், வடிகட்டிய காற்று, கிருமி நீக்கிய தீன். காற்று நிற்கவே கூடாது. 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டைக் கண்ட ஊரில் இதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.
மருந்து: சாதாரண எலி போதும். குடிநீரில் அம்பிசிலின், நியோமைசின், மெட்ரோனிடசோல், வன்கோமைசின்.

பராமரிப்பு
மருந்து வழியில் ஒரு தொல்லை: மெட்ரோனிடசோல் கசக்கும், எலி தண்ணீர் குடிக்காமல் மெலியும். தினமும் எடையை நிறுத்துப் பாருங்கள்.

நம்பகம்
கிருமியற்றது: ஐஎல்-10 (அழற்சியை அடக்கும் புரதம்) மரபணு நீக்கிய எலிக்குச் சாதாரண கூட்டில் பெருங்குடல் அழற்சி வரும், கிருமியற்ற கூடாரத்தில் வராது. அழற்சிக்குப் பக்டீரியா தேவை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஆனால் இவற்றின் நோயெதிர்ப்புத் தொகுதி முழுமையாக வளர்வதில்லை. குடலில் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் குறைவு.
மருந்து: நோயெதிர்ப்பு வளர்ந்த எலி. சில பக்டீரியாக்கள் தப்பும், பூஞ்சை பெருகலாம்.

ஒரு தனி பக்டீரியாவின் வேலையை அறிய வேண்டுமானால், வசதியுள்ள ஆய்வகத்தோடு சேர்ந்து கிருமியற்றதை எடுங்கள். வளர்ந்த எலியில் பக்டீரியா குறைந்தால் குடலுக்கு என்னாகும் என்பதே கேள்வியென்றால், மருந்து வழிதான்.