உனாஜிரோ: விலாங்கு இல்லாத விலாங்குச் சோறு

ஜூலை பிற்பாதியில் ஜப்பானில் எந்த சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாலும் சுட்ட விலாங்கை அடுக்கி வைத்திருப்பார்கள், பழைய நாட்காட்டிப்படி கோடையின் உச்சத்தில் வரும் ‘எருது நாளான’ தோயோ நோ உஷியில் அதைச் சாப்பிட்டால் வெயில் அசதி தீரும் என்பது இங்கே பழைய நம்பிக்கை. நான் வாங்குவது உனாஜிரோ. நீகாத்தா மாகாணத்தின் இச்சிமாசா கம்பெனி தயாரிப்பு, விலாங்கு துளியும் கிடையாது, வேறு மீன்களின் சதையை அரைத்து விலாங்குத் துண்டு மாதிரியே தோலும் வரியுமாகச் செய்திருக்கிறார்கள்.

ருசி? வாணலியில் லேசாகச் சுட்டு, இனிப்புச் சாற்றை ஊற்றி, சான்ஷோ என்ற ஜப்பானிய மிளகுப் பொடி தூவிச் சுடுசோற்றின் மேல் வைத்தால் எனக்குத் திருப்தியாக இருக்கிறது. நிஜ விலாங்கின் கொழுப்பு இதில் வராது. முள் இல்லை, விலையும் ரொம்பக் குறைவு.

"பண்ணையில் வளர்த்த விலாங்குதானே, சாப்பிட்டால் என்ன?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பண்ணையில் வளர்கிறதே தவிர அங்கே பிறப்பதில்லை! மரியானா தீவுகளுக்குப் பக்கத்துக் கடலில் பிறந்து, நீரோட்டத்தோடு வந்து ஆற்று முகத்துவாரத்தில் நுழையும் கண்ணாடி போன்ற குஞ்சுகளைக் குளிர்காலத்தில் பிடித்துத்தான் குளங்களை நிரப்புகிறார்கள். முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை வரை ஆய்வகத்திலேயே வளர்ப்பது 2010இல் சாத்தியமானது, ஆனால் சந்தையை நிரப்பும் அளவுக்கு இன்னும் வரவில்லை. ஆக, தட்டில் விழும் ஒவ்வொன்றும் கடலுக்குத் திரும்பி முட்டையிட வேண்டிய ஒன்று. போதாததற்கு ஆற்றில் அதன் வழியை மறிக்கும் தடுப்பணைகள், ஒதுங்க இடம் தராத சிமெண்ட் பூசிய கரைகள். 2014இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் ஜப்பானிய விலாங்கை அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவித்தது.

அதே வருஷம் ஜப்பான், சீனா, கொரியா, தைவான் பேசி, குளத்தில் விடும் குஞ்சுகளுக்கு வரம்பு வைத்தார்கள், ஜப்பானுக்கு 21.7 டன். பெரும்பாலான வருஷங்களில் அவ்வளவு குஞ்சே கிடைப்பதில்லை என்றால் அந்த வரம்பு எதைத் தடுக்கும்? அதைக் குறைக்க வேண்டும், இலையுதிர் காலத்தில் முட்டையிடக் கடலுக்கு இறங்கும் பெரிய விலாங்குகளை, தெற்கு மாகாணங்களான ககோஷிமா, மியாசாகியில் செய்வதுபோல எல்லா ஊரிலும் பிடிக்காமல் விட்டுவிட வேண்டும்.

சரி, உனாஜிரோ வாங்குபவர்களுக்கு: மைக்ரோவேவை விட வாணலி நல்லது, ஓரம் கொஞ்சம் முறுகும். இதுவும் மீன்தான், சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஆகாது. முட்டை, சோயா ஒவ்வாமை இருந்தால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு எடுங்கள்.