வாடகைக்கு ஆக்சிஜன் மெஷின் எடுக்கிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

வீட்டில் யாருக்காவது ஆக்சிஜன் வைக்கச் சொல்லி டிஸ்சார்ஜ் செய்கிறார்கள் என்றால், கான்சன்ட்ரேட்டர் என்கிற, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷினை வாடகைக்கு எடுப்பதற்கு முன் அதிலிருந்து வரும் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று உங்கள் கண் முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் அந்தக் கடையே வேண்டாம். மதுரையில் ஒரு கடை எங்களுக்குச் செய்ததால்தான் இதை எழுதுகிறேன். புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை.

அம்மாவுக்கு 63 வயது, சர்க்கரை உண்டு. காய்ச்சல், உடம்புவலி, இருமல் என்று சாதாரணமாகத்தான் ஆரம்பித்தது. மாத்திரையில் காய்ச்சல் குறைந்து, எழுந்து ரசம் வைக்கிற அளவுக்குத் தேறியும் விட்டார். அப்புறம் ஒரு ராத்திரி குளிரில் உடம்பு தூக்கிப்போட்டது, விடிவதற்குள் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே மூச்சு வாங்க வேண்டியிருந்தது, உதடு கறுத்துப்போனது. 108-இல் ஏற்றும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 78. முதலில் வந்தது ஃப்ளூ, அதன் மேல் பாக்டீரியா நிமோனியா ஏறியிருக்கிறது, இரண்டு பக்க நுரையீரலும் பாதித்துவிட்டது என்றார் டாக்டர். ஃப்ளூவில் தேறுகிற மாதிரி இருந்துவிட்டுத் திரும்பவும் காய்ச்சலும் மூச்சிரைப்பும் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது என்று அவர் சொன்னதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வென்டிலேட்டர் போட்டார்கள். சிறுநீரகம் தாங்குமா, ரத்த அழுத்தம் நிற்குமா என்று ஒவ்வொரு காலையும் ஒரு கேள்வி. அண்ணன் ஐசியூ வராந்தாவிலேயே பெட்ஷீட் விரித்துப் படுத்துக்கொண்டான். அப்பா யாரோடும் பேசவில்லை, சாப்பிடச் சொன்னால் மட்டும் சாப்பிட்டார். அண்ணிதான் ஒரு நோட்டுப் போட்டு டாக்டர் சொன்ன ஒவ்வொரு அளவையும் நேரத்தோடு எழுதி வைத்தார், அவர் அப்படிச் செய்திராவிட்டால் எங்களில் ஒருவருக்கும் எதுவும் நினைவிருக்காது. அம்மா பிழைத்தார். அந்த மருத்துவமனை மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நுரையீரலில் தழும்பு விழுந்திருப்பதால் கொஞ்ச காலம் வீட்டில் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் ஆக்சிஜன் தேவை, ரத்தத்தில் அளவு 92-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

டிஸ்சார்ஜ் அன்று வார்டு வாசலில் ஒருவர் விசிட்டிங் கார்டு நீட்டினார். ஐந்து லிட்டர் மெஷின், மாதம் ஆறாயிரம், முன்பணம் பதினைந்தாயிரம், வீட்டுக்கே வந்து மாட்டித் தருவோம் என்றார். கடைக்காரப் பையன் மெஷினைக் கொண்டுவந்து வைத்து, ட்யூபைத் தண்ணீர் டம்ளரில் விட்டுக் குமிழி வருவதைக் காட்டி, பில்லில் ‘செக் செய்யப்பட்டது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். குமிழி காற்று வந்தாலும் வரும். அதில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அது சொல்லாது.

அன்று ராத்திரியே அம்மாவின் அளவு 88, அப்புறம் 85, 84. கடைக்கு போன் போட்டால், “அக்கா, விரல் சில்லுன்னு இருந்தா அப்படித்தான் காட்டும், நல்லாத் தேச்சு விட்டுப் பாருங்க” என்றார் கடைக்காரர். தேய்த்துப் பார்த்தோம், விரலை மாற்றினோம், பக்கத்து வீட்டு ஆக்சிமீட்டரையும் வாங்கி வைத்தோம், எல்லாம் ஒன்றுதான். திரும்பக் கூப்பிட்டால் ஐந்து லிட்டரில் வைக்கச் சொன்னார். டாக்டர் சொன்ன அளவை இவர் மாற்றச் சொல்கிறார், அதிலும் ஏறவில்லை. கடைசியாக அவர் சொன்னதுதான் எனக்கு ஆறவே இல்லை: “மெஷின் நல்லாத்தான் இருக்கு, அம்மாவுக்கு நோய் முத்திருக்கும்க்கா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க.” தொற்று திரும்பி வந்துவிட்டது, மறுபடி வென்டிலேட்டர்தான் என்று அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

108 வந்தது. அவர்கள் சிலிண்டரில் அதே இரண்டு லிட்டரை மாட்டியதும் சில நிமிடத்தில் 94-க்கு வந்தது. கூட வந்த மருத்துவ உதவியாளர் எங்கள் மெஷினைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “கோளாறு இதுலதான், அம்மாக்கிட்ட இல்ல” என்றார். இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம், புதிதாக ஒன்றும் இல்லை.

அண்ணியின் தம்பி பயோமெடிக்கல் வேலையில் இருக்கிறான். ஆக்சிஜன் அனலைசரைக் கொண்டுவந்து மெஷினை ஓடவிட்டு அளந்தான். இரண்டு லிட்டரில் 58 சதவீதம், ஐந்தில் 39. நல்ல மெஷின் என்றால் 90-ஐ ஒட்டி இருக்க வேண்டும். இந்த மெஷின் வெளிக்காற்றை இழுத்து, உள்ளே சியோலைட் என்ற மணிகள் வழியாக அனுப்புகிறது, அவை நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆக்சிஜனை வெளியே விடும். சாதாரணக் காற்றிலேயே 21 சதவீதம் ஆக்சிஜன் உண்டு. மணிகள் ஈரம் பட்டோ பழசாகியோ வலுவிழந்தால் சத்தம் அதே சத்தம், காற்றும் அதே வேகம், ஆனால் நைட்ரஜனும் சேர்ந்தே வரும். லிட்டரைக் கூட்டக் கூட்ட சதவீதம் இன்னும் விழும். பின்பக்க ஸ்டிக்கரில் 2021 என்று இருந்தது, ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டர் 23,000 மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. கொரோனா இரண்டாம் அலையில் வந்து குவிந்த மெஷின்களில் ஒன்றாக இருக்கும் என்று தம்பி சொன்னான். மெஷினிலிருந்து வரும் ஆக்சிஜன் சதவீதம் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்குகூட இதில் இல்லை.

கடைக்காரர் மெஷினை எடுத்துக்கொண்டு போனார், முன்பணத்தைத் தரவில்லை. உங்கள் ஊர் கரண்ட் ஏற்ற இறக்கத்தில் கெட்டுப்போச்சு, ரிப்பேர் செலவு நீங்கள்தான் தர வேண்டும் என்கிறார். பணம்கூட அப்புறம். துடைத்துவிட்டு அதே மெஷினை இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைப்பார் என்பதுதான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அதனால் எடுக்கிறவர்கள் மெஷினை ஒரு கால் மணி நேரமாவது ஓடவிட்ட பிறகு, உங்களுக்குச் சொல்லியிருக்கிற லிட்டரிலும் அதன் முழு அளவிலும் அனலைசர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கம்பெனிகள் 87-இலிருந்து 96 வரை என்றுதான் போட்டிருப்பார்கள், அதற்குக் கீழே என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அனலைசரில் தெரியும் எண்ணை வீடியோ எடுங்கள், சீரியல் எண்ணையும் மணி மீட்டரையும் பில்லில் எழுதி வாங்குங்கள். கூடவே ஒரு பி டைப் சிலிண்டர் வீட்டில் இருக்கட்டும், நிறைத்தால் சுமார் 1,500 லிட்டர், நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்றால் ஏறக்குறைய 12 மணி நேரம் வரும், கரண்ட் போனாலும் அதுதான் கை கொடுக்கும். சாமி விளக்கு, அடுப்பு எதுவும் அந்த அறையில் வேண்டாம். அளவு திடீரென்று இறங்கினால் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், கடைக்காரரோடு போனில் வாதாடி நேரத்தைக் கழிக்காதீர்கள். எவ்வளவு லிட்டர் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், சில நுரையீரல் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் அதிகமானாலும் ஆபத்து.

ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கடை எங்கே இருந்தாலும் உங்கள் மாவட்டத்திலேயே மனு போடலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. நாங்கள் போட்டுவிட்டோம். அண்ணியின் நோட்டு, 108 வந்த விவரம், அனலைசர் வீடியோ எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். முன்பணத்தோடு, அளந்து எழுதிக் கொடுக்காமல் ஒரு மெஷினையும் அந்தக் கடை வாடகைக்கு விடக் கூடாது என்று உத்தரவிடவும் கேட்டிருக்கிறோம்.