சீனாவில் ஆறு வருடப் பயணம்: எந்தத் தூரத்துக்கு எது சரி?

எனக்கு வேலை குவாங்சோவில். மாதத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது வெளியூர்த் தொழிற்சாலைகளுக்குப் போயாக வேண்டும். ஆறு வருடமாக அதிவேக ரயில், பழைய இரவு ரயில், உள்நாட்டு விமானம் மூன்றிலும் மாறி மாறிப் போய் வந்திருக்கிறேன். வாடகைக் கார் ஓட்டும் யோசனையைத் தொடக்கத்திலேயே விட்டுவிட்டேன். ஊரிலிருந்து எடுத்து வரும் சர்வதேச ஓட்டுநர் உரிமம் இங்கே செல்லாது.

வந்த புதிதில், தூரம் கொஞ்சம் அதிகம் என்றாலே விமானத்தில்தான் டிக்கெட் போடுவேன். இப்போது கணக்கு வேறு. ரயிலில் ஐந்து மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்றால் விமானத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பெய்ஜிங் – ஷாங்காய் 1,318 கி.மீ. வேகமான ரயில்கள் அதைச் சுமார் நாலரை மணி நேரத்தில் கடந்துவிடும். விமானத்தில் பறக்கும் நேரம் அதில் பாதிதான். ஆனால் விமான நிலையம் போக ஒரு மணி, சோதனைக்கும் காத்திருப்புக்கும் ஒன்றரை மணி, இறங்கி ஊருக்குள் வர இன்னொரு மணி என்று கூட்டிப் பாருங்கள். கோடையில் இடி மழை வேறு. ஒரு ஜூலை மாலை செங்து போக ஏறி உட்கார்ந்து, கதவையும் மூடிவிட்டார்கள். விமானம் மேலே ஏறவே மூன்று மணி நேரம் ஆனது. அதிவேக ரயில் எனக்குத் தாமதமான நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எட்டு மணி நேரம் என்றால் கதை மாறும். குவாங்சோ – பெய்ஜிங் 2,298 கி.மீ. அவ்வளவு நேரம் உட்கார்ந்தே போனால் இடுப்பு போய்விடும், அதற்கு விமானம்தான். பவர்பேங்க் மட்டும் கவனம்: 2025 ஜூன் 28 முதல் உள்நாட்டு விமானங்களில் சீனத் தரச் சான்றான 3சி முத்திரை இல்லாத பவர்பேங்கை விடுவதில்லை. ஊரில் வாங்கியதைக் கொண்டு வந்து சோதனையில் பறிகொடுக்காதீர்கள்.

ரயில் டிக்கெட்டுக்கு 12306 என்ற அரசுச் செயலி போதும், ஆங்கிலத்திலும் உண்டு. பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்து, அவர்கள் சரிபார்த்த பிறகுதான் டிக்கெட் எடுக்க முடியும். அதனால் அதைப் பயணத்துக்கு முந்தைய நாள் வரை தள்ளிப் போடாதீர்கள். நம் ஆட்களுக்கு அப்பா பெயர், முன்னெழுத்து, குடும்பப் பெயர் என்று எப்போதுமே குழப்பம் உண்டு. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள். காகித டிக்கெட் கிடையாது, பாஸ்போர்ட்தான் டிக்கெட். பொதுவாக 15 நாள் முன்னால் விற்பனை திறக்கும். சீனப் புத்தாண்டு, அக்டோபர் முதல் வார விடுமுறை இரண்டிலும் முடிந்தால் ஊரைவிட்டு நகராதீர்கள்.

நிலையத்தின் பெயரையும் முழுதாகப் படியுங்கள். குவாங்சோவிலேயே குவாங்சோ, கிழக்கு, தெற்கு, பாய்யுன் என்று பெரிய நிலையங்கள் நான்கு. தெற்கில் ஏற வேண்டியவன் ஒரு தடவை கிழக்கில் போய் நின்றேன். ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவில் முழு நகரமும் கிடக்கிறது. ரயில் போய்விட்டது. நல்ல வேளையாக, அதே நாளின் வேறு ரயிலில் இடம் இருந்ததால் கவுன்டரில் மாற்றிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் டிக்கெட் போட்டதும் நிலையத்தின் பெயரைச் சீன எழுத்தில் படம் பிடித்து வைத்துக்கொள்கிறேன், டாக்சிக்காரரிடம் காட்டவும் அது உதவும்.

சரி, எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் பழைய இரவு ரயில்தான். சாங்ஷாவுக்கு அதிவேக ரயில் இரண்டரை மணி நேரத்தில் போய்விடும், ஆனால் அது நிற்பது ஊரின் தென்கிழக்கு ஓரத்தில். பழைய ரயில் ராத்திரி ஏற்றிக்கொண்டு விடியும்போது ஊர் நடுவில் இறக்கிவிடும். ஓட்டல் வாடகையும் மிச்சம். 'கடினப் படுக்கை' என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மெத்தை, தலையணை, போர்வை எல்லாம் உண்டு. நம்மூர் ஸ்லீப்பர் போலவே எதிரெதிரே மூன்றடுக்கு, பக்கவாட்டுப் படுக்கை மட்டும் இல்லை. அந்த இடத்தில் ஜன்னலோரமாகச் சின்ன மேசையும் மடக்கு இருக்கையும் இருக்கும். கீழ்ப் படுக்கைக்கு விலை கூடுதல், ஆனால் விளக்கணைக்கும் வரை எல்லாரும் அதில்தான் வந்து உட்காருவார்கள். மேல் படுக்கையில் நிமிர்ந்து உட்கார முடியாது. தனியாகப் போகும்போது நான் எடுப்பது நடுப் படுக்கை.

பெட்டியின் ஓரத்தில் எந்நேரமும் வெந்நீர் கிடைக்கும். பத்து மணி வாக்கில் விளக்கை அணைப்பதற்குள் நூடுல்ஸ் கிண்ணங்களுடன் அங்கே வரிசை நிற்கும், பெட்டி முழுக்க அந்த மசாலா வாசனை. இறங்கும் ஊர் வருவதற்கு முன்னால் பெட்டி ஊழியர் வந்து தட்டி எழுப்பிவிடுவார், அதனால் அலாரம் வைப்பதையே விட்டுவிட்டேன்.

அம்மா வந்திருந்தபோது மட்டும் நாலு பேர் அறையான 'மென் படுக்கை' எடுத்தேன். கதவைச் சாத்திக்கொள்ளலாம். அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை. எதிர்ப் படுக்கைப் பாட்டி சூரியகாந்தி விதைப் பையைப் பிரித்து அம்மா பக்கம் நீட்டினார். அம்மா பதிலுக்கு முறுக்கு டப்பாவைத் திறந்தார். ஒருவர் பேசியது மற்றவருக்குப் புரியவில்லை, ஆனாலும் விளக்கணையும் வரை இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.