காருக்குள் 230 வோல்ட்: இரண்டு இன்வெர்ட்டர்களும் மூன்று ஆண்டுகளும்

வேலை நிமித்தமாக வாரத்தில் மூன்று நாள்களாவது காரில் நெடுந்தூரம் செல்ல வேண்டியவன் நான். மடிக்கணினியும் கேமரா பேட்டரி சார்ஜரும் எப்போதும் உடன் இருக்கும். அவற்றைப் போகும் வழியிலேயே சார்ஜ் செய்துகொள்வதற்காக, 12 வோல்ட் டிசியை 230 வோல்ட் ஏசியாக மாற்றித் தரும் இன்வெர்ட்டர் ஒன்றை மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கினேன். எட்டே மாதங்களில் அதை ஒதுக்கிவிட்டு வேறொன்றுக்கு மாற நேர்ந்தது. முதல் முறை நான் பார்த்தது பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருந்த வாட் கணக்கை மட்டுமே. பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வரை மின்சாரம் எந்த வழியாக வந்து சேர்கிறது என்று யோசிக்கவே இல்லை.

அந்த முதல் இன்வெர்ட்டர் 300 வாட் திறன் கொண்டது; சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் வகை. மாற்றும்போது பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை வெப்பமாக வீணாகும் என்பதால், 300 வாட் வெளியே வர வேண்டுமானால் உள்ளே ஏறத்தாழ 28 ஆம்பியர் போயாக வேண்டும். என் காரில் அந்த சாக்கெட்டுக்கான பியூஸ் 15 ஆம்பியர். 10 ஆம்பியர் பியூஸ் வைத்த கார்களும் உண்டு. ஆக, பெட்டியில் போட்டிருந்த திறனில் பாதியைத்தான் நான் எடுத்திருக்க முடியும். இந்தக் கூட்டல் கழித்தலை வாங்குவதற்கு முன்பே செய்திருந்தால் காசு மிச்சமாகியிருக்கும்.

பாதித் திறனுக்குள் இருந்தும் சிக்கல் வந்தது. ஒரு நாள் நண்பரின் மடிக்கணினியையும் சேர்த்துச் செருகியிருந்தோம். இரண்டும் சேர்ந்து 130 வாட், அதாவது என்ஜின் ஓடும்போது சுமார் 11 ஆம்பியர். ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைப் பிடுங்கியபோது அதன் நுனியிலிருந்த ஸ்பிரிங் முனை விரலைச் சுட்டது. அதைச் சுற்றியிருந்த கறுப்பு பிளாஸ்டிக் இளகி, சாக்கெட்டின் உட்புறத்திலிருந்து நூல் நூலாக இழுபட்டு வந்தது. பியூஸோ போகவில்லை. தொடுமுனையில் 0.1 ஓம் தடை இருந்தாலே 10 ஆம்பியர் ஓடும்போது அங்கே 10 வாட் வெப்பம் உண்டாகும். விரல்நுனி அளவுள்ள ஒரு ஸ்பிரிங்குக்கு அது மிக அதிகம். ஓடும் மின்னோட்டம் வரம்புக்குள் இருக்கும் வரை பியூஸ் எரியாது என்பதால், தளர்ந்த தொடுமுனையால் வரும் சூட்டிலிருந்து அது நம்மைக் காப்பதில்லை.

என்ஜினை அணைத்துவிட்டுப் பயன்படுத்தும்போது, பேட்டரி நன்றாக இருந்தும் இன்வெர்ட்டர் கீச்சென்று எச்சரிக்கை கொடுத்ததற்கும் இதே வழிதான் காரணம். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது பேட்டரி முனையில் 12.2 வோல்ட் இருந்தது. இன்வெர்ட்டரின் உள்ளீட்டிலோ 10.8 வோல்ட்தான். மீதி 1.4 வோல்ட் சாக்கெட்டின் மெல்லிய வயரிலும் அந்த ஸ்பிரிங்கிலும் தொலைந்திருந்தது.

அது மாடிஃபைடு சைன் வேவ் வகை; அதாவது வீட்டு மின்சாரம் போல வழவழப்பான அலையாக (சைன் வேவ்) இல்லாமல் படிப்படியான அலையைத் தருவது. மடிக்கணினி அடாப்டர் அதில் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடியது. கேமரா சார்ஜர் மெல்லிய ரீங்காரம் எழுப்பியது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் வெறும் கெபாசிட்டரை வைத்து மின்னழுத்தத்தைக் குறைக்கும் மலிவான டார்ச், ஷேவர் சார்ஜர்களை இதில் செருகாதிருப்பது நல்லது. அலையின் செங்குத்தான விளிம்புகளால் அவற்றில் கூடுதல் மின்னோட்டம் பாய்ந்து சூடேறும். இதன் வெளியீட்டைச் சாதாரண மல்டிமீட்டரில் அளந்தபோது 180 வோல்ட் காட்டவே, பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டேன். சாதாரண மீட்டர் சராசரியை அளந்து, அலை சைன் வடிவில் இருப்பதாக எண்ணிக் கணக்கிடுகிறது. அலை எந்த வடிவில் இருந்தாலும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டரில் அதே வெளியீடு 230 வோல்ட்டை ஒட்டியே காட்டியது.

இரண்டாவதாக வாங்கியது, வீட்டு மின்சாரம் போலவே வழவழப்பான அலை தரும் 600 வாட் ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர். இதை நேரடியாக பேட்டரியிலிருந்தே 16 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிளில் இணைத்து, பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே 80 ஆம்பியர் பியூஸ் போட்டிருக்கிறேன். இந்த பியூஸ் காப்பது இன்வெர்ட்டரை விடவும் கேபிளைத்தான். வழியில் எங்காவது உரசிப் பாடியைத் தொட்டுவிட்டால் தீப்பிடிக்காமல் இருக்க வேண்டுமே! முன்பு 1.4 வோல்ட் தொலைந்த அதே சுமையில் இப்போது 0.1 வோல்ட் கூடக் குறைவதில்லை. நெகடிவ் முனையில், பேட்டரியில் போய்வரும் மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் உள்ள கார்களில் கேபிளை அந்த முனையிலேயே இணைக்காமல் பாடியில் எர்த் எடுக்க வேண்டும் என்று ஆட்டோ எலெக்ட்ரீஷியன் சொன்னது எனக்குப் புதிய செய்தி. இல்லாவிட்டால் இன்வெர்ட்டர் எடுக்கும் மின்னோட்டம் சென்சாரின் கணக்கில் வராது. முன் சீட்டுக்கு அடியில் பொருத்தியதில் ஒரு தவறு நேர்ந்தது: மிதியடி நகர்ந்து ஃபேன் வாயை அடைத்துக்கொள்ள, சூடேறி இரண்டு முறை தானாகவே நின்றது. மிதியடியின் அந்த மூலையை வெட்டிவிட்டேன்.

நேரடி இணைப்பில் எனக்கு வாய்த்த பெரிய அவதி வேறு. சுமை எதுவும் இல்லாமலே இந்த இன்வெர்ட்டர் அரை ஆம்பியர் எடுக்கும். அணைக்க மறந்து இரண்டு நாள் நிறுத்தி வைத்ததில் 45 ஆம்பியர்-அவர் பேட்டரியிலிருந்து 24 ஆம்பியர்-அவர் போய்விட்டது. மூன்றாம் நாள் காலை ஸ்டார்ட்டர் 'டிக்' என்ற ஓசையோடு நின்றுவிட்டது. குறைந்த மின்னழுத்தத்தில் தானே அணையும் வசதி இதில் இல்லாமல் இல்லை. ஆனால் அது வேலை செய்வது 10.5 வோல்ட்டில், சிறிய சுமையில் பேட்டரி அந்த அளவுக்கு இறங்கும்போது அதில் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சியிருக்காது. என்ஜினைக் கிளப்புவதற்கென்றே செய்யப்பட்ட பேட்டரி இப்படி அடிவரை இறங்குவதைப் பலமுறை தாங்காது. அதன்பின் இக்னிஷனோடு சேர்ந்து அணையுமாறு ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்துக்கொண்டேன்.

சில நொடிகளுக்கு 1200 வாட் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 24 வோல்ட் லாரிகளில் 12 வோல்ட் இன்வெர்ட்டரை மாட்டவே கூடாது.

கடந்த ஓராண்டாக மடிக்கணினியை 65 வாட் யுஎஸ்பி-சி கார் சார்ஜரிலேயே சார்ஜ் செய்கிறேன். 12 வோல்ட்டை 230 ஆக ஏற்றி, அடாப்டரில் மறுபடியும் 20 ஆக இறக்கும் வீண் சுற்று அதில் இல்லை; சாக்கெட்டிலிருந்து எடுப்பதும் 6 ஆம்பியருக்குள் அடங்கிவிடுகிறது. இன்வெர்ட்டருக்கு மிஞ்சியிருப்பது கேமரா சார்ஜரும் எப்போதாவது எடுக்கும் சால்டரிங் அயர்னும்தான். இன்று புதிதாக வாங்குவதானால் 300 வாட் ப்யூர் சைன் வேவோடு நிறுத்திக்கொள்வேன். அதையும் இதே கேபிளில்தான் இணைப்பேன்.