ஸ்பிரிங் ஏர்கன்னுக்கு ஸ்கோப் வாங்கறவங்க கவனிங்க: 8,500 ரூபாய் போச்சு

வயிறு எரியுது. ஏர்கன் சாமான் விக்கிற ஒரு ஆன்லைன் கடை, அவ்வளவுதான் சொல்வேன். ஸ்கோப் (குறி பார்க்கிற தொலைநோக்கி) 6,900, அதைத் துப்பாக்கி மேல பிடிச்சு வெக்கிற மவுண்ட் 1,600. மொத்தம் 8,500 ரூபாய், முழுசும் முன்பணம்.

நம்ப வெச்சது ஒரே ஒரு கேள்வி. "சார், உங்களுது பிசிபியா (காத்தை முன்னாடியே அடைச்சு வெக்கிறது), ஸ்பிரிங்கா? பிரேக் பேரலா (குழலை மடக்கி லோடு பண்றது)?" விஷயம் தெரிஞ்சவன்தான் இதைக் கேப்பான். .177 அளவு (4.5 மி.மீ.) பிரேக் பேரல் ஸ்பிரிங்னு சொன்னதும், "இது அதுக்குன்னே செஞ்சது சார், தாராளமா போடுங்க"ன்னான்.

வந்தது தோட்டா ரைஃபிளுக்கான ஸ்கோப். தோட்டா ரைஃபிள் பின்னால மட்டும்தான் உதைக்கும். ஸ்பிரிங் கன்ல பிஸ்டன் முன்னால பாயறப்போ துப்பாக்கி பின்னால வரும். பிஸ்டன் சிலிண்டர் முனைக்குப் போய் நிக்கறப்போ முன்னால வெட்டி இழுக்கும். அந்த ரெண்டாவது அடிக்குத் தாங்குற மாதிரி செய்யாத ஸ்கோப்புல உள்ள இருக்கிறதெல்லாம் கழண்டுக்கும். இதுல ரெட்டிக்கிள், அதான் உள்ள தெரியற குறுக்குக்கோடு, சாய்ஞ்சே நிக்குது. பேரலாக்ஸ் (கண் நகர்ந்தா குறி நகர்ற மாதிரி தெரியற கோளாறு) 100 கஜத்துல மட்டும் இல்லாத மாதிரி பூட்டினது. 10 மீட்டர்ல டார்கெட் மங்கல். துப்பாக்கியை மணல் மூட்டையில அசையாம வெச்சுட்டுக் கண்ணை மட்டும் நகர்த்தினா குறுக்குக்கோடு டார்கெட் மேல நடக்குது. 10 மீட்டர் வரைக்கும் இறங்குற ஏஓ வளையம் (தூரத்துக்கு ஏத்த மாதிரி பேரலாக்ஸைத் திருத்துறது) இல்லாத ஸ்கோப் ஏர்கன்னுக்கு எதுக்கு?

மவுண்ட் அதைவிட மோசம். ரெண்டு துண்டு, நகராம தடுக்கிற ஸ்டாப் பின் கிடையாது. துப்பாக்கி மேல இருக்கிற 11 மி.மீ. டவ்டெயில் ரெயில்ல வெறும் இறுக்கத்துல நிக்கணுமாம்! சுடச் சுட பின்னால ஊர்ந்து ரெயில் முழுக்கக் கீறல்.

போன் பண்ணா, "ஸ்க்ரூவை நல்லா டைட் பண்ணுங்க சார்." அப்புறம் வீடியோ அனுப்பினா, "ஓவர் டைட் பண்ணிட்டீங்க, வாரண்டி வராது." டைட் பண்ணச் சொன்னதே நீதானேய்யா! கடைசியா "கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கோம்." இப்போ வாட்ஸ்அப்ல ப்ளூ டிக் மட்டும் விழுது. 8,500 ரூபாய்க்கு ப்ளூ டிக்.

வாங்கறவங்களுக்கு விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குது. சுருக்கமா:

ஸ்பிரிங் கன்னுக்குத் தாங்கும்னு எழுத்துல வாங்குங்க, போன் பேச்சு செல்லாது. மவுண்ட் ஒரே துண்டா, ஸ்டாப் பின்னோட இருக்கணும். பின் ரெயில்ல இருக்கிற துளைக்குள்ள இறங்கணும். உங்க ரெயில் 11 மி.மீ.யா, பிகாட்டினியா (குறுக்குப் பள்ளம் வெச்ச அகல ரெயில்), ஸ்கோப் குழாய் 25.4 மி.மீ.யா, 30 மி.மீ.யான்னு அளந்துட்டு ஆர்டர் போடுங்க. வளைய ஸ்க்ரூவைக் குறுக்கும் மறுக்குமா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க, 2 நியூட்டன் மீட்டர் தாண்டினா குழாய் நசுங்கலாம்.

வந்ததும் குறியை நகர்த்துற குமிழைத் திருப்பி, மேல் பக்கம் 20 க்ளிக், வலது 20, கீழ 20, இடது 20ன்னு சுத்திச் சுட்டுப் பாருங்க. கால் எம்ஓஏ (எம்ஓஏன்னா டிகிரியில அறுபதுல ஒரு பங்கு) க்ளிக்னா 10 மீட்டர்ல ஒவ்வொரு பக்கமும் 15 மி.மீ. கிட்ட நகர்ந்து, ஆரம்பிச்ச இடத்துக்கே வரணும். வரலேன்னா அன்னைக்கே ரிட்டர்ன் போடுங்க. பெட்டி பிரிக்கிறதை வீடியோ எடுங்க. நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் போட்டாச்சு. முன்பணம் மட்டும் அனுப்பிடாதீங்க.