வடக்கு மாட வீதி கொலு பொம்மைக் கடைகள்: எதை வாங்கலாம், எதை விடலாம்

மகாளய அமாவாசைக்குச் சில வாரங்கள் முன்பே மயிலாப்பூர் வடக்கு மாட வீதி நடைபாதையில் தார்ப்பாய்ப் பந்தல்கள் முளைத்துவிடும். பண்ருட்டி, காஞ்சிபுரம், புதுச்சேரி பக்கத்து வில்லியனூர், மதுரை விளாச்சேரி, சென்னையின் கொசப்பேட்டை என்று பல ஊர் மண்ணும் அந்த ஒரே தெருவில் வந்து உட்காரும். சென்னையில் கொலு பொம்மை வாங்க எத்தனையோ இடங்கள் வந்துவிட்டன. ஆனாலும் பொம்மையைக் கையில் எடுத்து, கவிழ்த்து, தட்டிப் பார்த்து வாங்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஒன்று மட்டும் முக்கியம்: பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் போனால் அழகான பெயின்டுக்குக் காசு கொடுத்துவிட்டு, அடுத்த வருஷம் பெட்டியைத் திறக்கும்போது தூளை அள்ள வேண்டியிருக்கும்.

முதலில் நேரம். மாலையில் விளக்கு வெளிச்சத்தில் தெரு பார்க்க அழகுதான், வாங்குவதற்கு உதவாது. பளிச்சென்ற எல்இடி விளக்கின் கீழ் முகத்தில் இருக்கும் கோணல் தெரியாது, மங்கிய வண்ணமும் புதிதாகத் தெரியும். வார நாளில் காலை பத்து, பதினொரு மணிக்குப் போனால் பகல் வெளிச்சம் கிடைக்கும், கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்கும். லஸ் பக்கம் மெட்ரோ வேலை நடப்பதால் கார் எடுத்துப் போவது வீண் தொல்லை. பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். மழை பெய்த மறுநாள் மட்டும் போகாதீர்கள். தார்ப்பாய்க்கு அடியில் நனைந்த பேப்பர் பொம்மை மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரமாக இருக்கும். அடிப்பாகத்தை முகர்ந்தால் பூஞ்சை வாடை காட்டிக்கொடுத்துவிடும்.

இனி முக்கியமான விஷயம், பொம்மை எதனால் ஆனது என்பது. இந்தத் தெருவில் பெரும்பாலும் மூன்று வகைதான்: சுட்ட மண், பேப்பர் மேஷ் எனப்படும் காகிதக்கூழ், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். மேலே பெயின்ட் ஏறிவிட்டால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் எப்போதும் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் வண்ணம் பூசாத இடம் செம்மண் நிறமாக இருந்தால் மண் பொம்மை. விரல் நகத்தால் சுண்டினால் ‘ணங்’ என்று கேட்க வேண்டும். ‘டொப்’ என்று அடங்கிப்போனால் எங்கோ மயிரிழை விரிசல் ஓடியிருக்கிறது, அல்லது சரியாக வேகவில்லை. வேகாத மண்ணைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி: விரலை ஈரமாக்கி அடியில் தேயுங்கள். சேறு ஒட்டினால் வைத்துவிட்டு நகருங்கள், ஒரு ஈரத்துணி பட்டாலே அது கரையும்.

அடிப்பாகம் வெள்ளையாக, தொட்டால் குளிர்ச்சியாக, நகத்தால் கீறினால் மாவு உதிர்ந்தால் பிளாஸ்டர். வார்ப்பில் மூக்கும் விரலும் கூர்மையாக விழுவதால் கண்ணுக்கு இதுதான் முதலில் பிடிக்கும். ஆனால் ஓரம் ஒருமுறை இடித்தாலே வெள்ளையாகச் சில்லு பெயரும், ஈரத்தில் ஊறினால் மென்மையாகிவிடும். பேப்பர் மேஷ் அளவுக்கு மிஞ்சி லேசாக இருக்கும். கீழே விழுந்தால் பெரும்பாலும் உடையாது, நசுங்கும். வயதானவர்களும் குழந்தைகளும் எடுத்து வைக்கும் வீட்டுக்கு அதுவே சரி. எதிரி கரையான்தான். இந்தத் தெருவைப் பற்றிய நம் பெரிய குறையும் இங்கேதான் இருக்கிறது: சில கடைகளில் பிளாஸ்டரையே பேப்பர் மேஷ் என்று சொல்லி விற்கிறார்கள். கையில் எடுத்தால் கனமே உண்மையைச் சொல்லிவிடும்.

அடுத்து அச்சு மூட்டு. பெரும்பாலான பொம்மைகள் முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சில் எடுத்து ஒட்டப்படுபவை. காதுக்குப் பின்னால் தொடங்கித் தோள், இடுப்பு வழியாகக் கீழிறங்கும் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பாருங்கள். மேடு தட்டினால் சரியாக வழித்து ஒட்டவில்லை, இரண்டு மூன்று வருஷத்தில் அங்கேதான் பிளக்கும். முதலில் போவது கழுத்து, அடுத்தது வில், வேல் பிடித்த விரல்கள். ஆயுதம் உடம்போடு சேர்ந்த வார்ப்பாக இல்லாமல் தனியே செருகியதாக இருந்தால் நல்லது, கழற்றிச் சுற்றி வைக்கலாம். கண்ணைக் கடைசியாகப் பாருங்கள், ஆனால் அதிக நேரம் பாருங்கள். செய்கிறவர்களும் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். இரண்டு கருவிழியும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். ஒரே அச்சில் வந்த பத்து மீனாட்சியில் ஒருத்திக்குத்தான் அந்தப் பார்வை அமைந்திருக்கும். பத்தையும் எடுத்துக் காட்டச் சொல்லத் தயங்காதீர்கள்.

செட் வாங்கினால் எண்ணித்தான் வாங்க வேண்டும். தசாவதாரத்தில் அடிக்கடி குழம்புவது மூன்று ராமர்கள்: மழுவோடு பரசுராமர், வில்லோடு ராமர், கலப்பையோடு பலராமர். பெட்டி மாறி, கலப்பை இல்லாமல் இரண்டு வில் வந்துவிடுவது உண்டு. பத்தின் உயரமும் முகவண்ணமும் ஒத்துப்போகிறதா என்று வரிசையாக நிறுத்திப் பாருங்கள். செட்டியார் தம்பதி பொம்மை தேடுபவர்கள் முன்னால் சிறு கிண்ணங்கள் தனியாக வரும் வகையை எடுங்கள். கிண்ணத்தை ஒட்டியே வார்த்திருந்தால் அரிசி, பருப்பு போட்டு எடுக்கும்போது சிந்தும், மிச்சம் தங்கினால் வண்டு வரும்.

மயிலையில் வாங்குவதென்றால் மயிலையின் கதையை வாங்குவதே அழகு. புன்னை மரத்தடியில் மயிலாக வந்து அம்பாள் சிவனைப் பூசித்த காட்சி, நாகம் தீண்டி இறந்த பூம்பாவையைச் சம்பந்தர் குடத்துச் சாம்பலிலிருந்து எழுப்பிய காட்சி, அறுபத்துமூவர் வரிசை. கேட்டால் உள்ளேயிருந்து எடுத்துத் தருவார்கள், முன்வரிசையில் இருக்காது. முதலில் கபாலீஸ்வரர் கோயிலுக்குள் புன்னை மரத்தடியில், மயில் லிங்கத்தைப் பூசிக்கும் சிற்பத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். பொம்மையில் மயிலின் கழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்பது புரிந்துவிடும். நடை சாத்தும் நேரம் பகல் பன்னிரண்டை ஒட்டி வரும், அதற்கு முன்பே போய்விடுங்கள். கிரிக்கெட் செட், கல்யாண ஊர்வலம் எல்லாம் எங்கும் கிடைக்கும். பூம்பாவைக்கு இந்தத் தெருதான் வீடு.

கூடத்தில் ஒன்பது படி கட்டிய தனி வீடுகள் இடிந்து அடுக்கு மாடிகளாகிவிட்டன. இப்போது மூன்று படிக்கே இடம் தேட வேண்டும். அதனால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே படியின் அகலத்தையும் இரண்டு படிக்கு நடுவே உள்ள உயரத்தையும் இன்ச் டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பொம்மையின் அடி, படி அகலத்தைவிட இரண்டு இன்ச்சாவது குறைவாக இருக்க வேண்டும். உயரம் படி உயரத்தைவிட மிகவும் கூடினால் பின்படிப் பொம்மையின் முகம் மறைந்துபோகும். சின்னப் படிக்கு ஆறு இன்ச் பொம்மை போதும். மடக்கும் இரும்புப் படியில் கனமான மண் பொம்மைகளைக் கீழ்ப்படியில் வையுங்கள், மேல்படிக்கு பேப்பர் மேஷ்.

மரப்பாச்சி ஜோடியை இங்கே வாங்கலாம், ஆனால் எல்லாம் செம்மரம் என்று நம்ப வேண்டாம். செம்மரம் கையில் கனக்கும். ஈரத்துணியால் துடைத்துச் சாயம் ஏறினால் அது வேறு மரத்துக்குப் பூசிய நிறம்.

விலையில் பேரம் உண்டு. கைக்கடக்கமான ஒற்றைப் பொம்மைகள் நூறுகளில் கிடைக்கும், நல்ல செட்டுகள் ஆயிரத்தைத் தாண்டும். ஒரே கடையில் நாலைந்து எடுத்து மொத்தமாகக் கேட்டால் குறைப்பார்கள். கடைசி இரண்டு நாளில் விலை இறங்கும் என்பது உண்மைதான், ஆனால் அப்போது மிஞ்சியிருப்பது மூக்கு தேய்ந்ததும் செட் குறைந்ததும்தான். மண் பொம்மையை, அதுவும் அதைச் செய்த குடும்பமே விற்கும் கடையில், அடித்துப் பேசாதீர்கள். மண் பிசைந்து, காயவைத்து, சுட்டு, வெள்ளை அடித்து, வண்ணம் தீட்டிய உழைப்பு அதில் இருக்கிறது. பேரம் பேசப் பிடிக்காதவர்களுக்கு அண்ணா சாலையில் அரசு கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகார் விற்பனை நிலையத்தின் கொலுக் கண்காட்சி உண்டு. நிர்ணய விலை, ரசீது, தஞ்சாவூர் தலையாட்டியும் கொண்டபள்ளி மரப்பொம்மையும் ஒரே கூரைக்குக் கீழே. தரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் இது எந்த ஊர் மண், யார் கண் திறந்தது என்ற பேச்சு மாட வீதியில்தான் நடக்கும்.

பழைய பொம்மைக்கு வண்ணம் புதுப்பிக்கச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். நவராத்திரி நெருங்கியபின் கொண்டுபோனால் அவசரத்தில் பழைய வண்ணத்தின் மேலேயே பூசித் தருவார்கள், அது செதிலாக உரியும். ஆடிக்கு முன்பே கொடுத்து, பழையதைச் சுரண்டி வெள்ளை அடித்துவிட்டுத் தீட்டச் சொல்லுங்கள்.

வைக்கோலில் கட்டித் தந்தால் வீட்டுக்கு வந்த அன்றே பிரித்துவிடுங்கள், வைக்கோல் ஈரம் இழுக்கும். விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் எல்லாவற்றையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். முதலில் பழைய பருத்தி வேட்டித் துணி, அதற்கு மேல் செய்தித்தாள். நேரடியாகச் செய்தித்தாளில் சுற்றினால் முகத்தில் மை ஏறும். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வேர்த்துவிடும். வசம்பையும் காய்ந்த வேப்பிலையையும் துணியில் முடிந்து பெட்டியின் நாலு மூலையிலும் வைத்து, மூடியில் செட்டின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.